மாடி அறையும் மதுக்கரை பஸ்ஸும்

கயல்விழிக்கு டிசைன் வருவது வீட்டில் அல்ல. இந்தச் சின்ன விஷயத்தைத் தெரிந்துகொள்ள ஓர் அறையே கட்ட வேண்டியிருந்தது.

மதுக்கரையில் கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்பவள் அவள். முதுகுப் பக்கம் முழுக்க ஜரிகையும் மணியும் வைத்துக் கொடியோ மயிலோ தைக்க வேண்டும். தைப்பது பழகினால் வந்துவிடும். எதைத் தைப்பது என்பதுதான் பெரிய பாடு. ஒருத்திக்குப் போட்டதை இன்னொருத்திக்குப் போட்டால் மணப்பெண்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். கூடத்தில் டிவி, அடுப்பில் பால், வாசலில் கேஸ்காரர் என்று இருக்கிற வீட்டில் புதிதாக என்னத்தை யோசிப்பது? ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள், "எனக்குன்னு ஒரு ரூம் இருந்தா எப்படியெல்லாம் வரைவேன் தெரியுங்களா?"

அவள் கணவன் அன்புமணி கொத்தனார். அந்த மாதிரி ஆளிடம் அந்த மாதிரி வார்த்தையைச் சொல்லக் கூடாது. ஆறு நாள் ஊரார் வீட்டைக் கட்டிவிட்டு, ஞாயிறுதோறும் தன் வீட்டு மாடியில் செங்கல் அடுக்கினான். எட்டு மாதம். பூச்சு வேலையை மட்டும் மூன்று ஞாயிறு இழைத்தான். சுவரில் கன்னத்தை வைத்துப் பார்க்கலாம், அவ்வளவு வழுவழுப்பு. மலையைப் பார்த்து ஒரு ஜன்னலும் வைத்தான்.

"இனி ஒருத்தரும் உன்னையத் தொந்தரவு பண்ண மாட்டாங்க, அம்மணி."

ஒருவரும் பண்ணவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. முதல் நாள் நோட்டை விரித்து உட்கார்ந்தவள் சாயங்காலம் வரை சுவரையே பார்த்தாள். இரண்டாம் நாள் பென்சிலைச் சீவினாள். மூன்றாம் நாளும் அதையே சீவினாள். ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களை எல்லாம் அன்புமணி வாசலோடு திருப்பி அனுப்பினான். "மேல டிசைன் போட்டுட்டிருக்குதுங்க. அப்புறம் வாங்க." அந்தக் குரலில் இருந்த பெருமை ஜன்னல் வழியாக ஏறி வந்து அவளைக் குத்தியது.

பத்தாம் நாள் நூல் வாங்கக் காந்திபுரம் பஸ்ஸில் ஏறினாள். உட்கார இடம் கிடைத்தது. உக்கடத்தில் ஏறிய பெண்கள் கூட்டம் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. எத்தனை முதுகுகள். கனகாம்பரம் தொங்கும் முதுகு, இஸ்திரி மடிப்புக் கலையாத டீச்சர் முதுகு, வேர்வையில் நனைந்து, ஊக்கு குத்திய ரவிக்கையோடு ஒரு முதுகு. கையில் நோட்டு இல்லை. கண்டக்டர் கொடுத்த, பெண்களுக்கான காசில்லா டிக்கெட்டின் பின்பக்கத்தில் கிறுக்கினாள். பஸ் குழியில் இறங்கியபோது கோடு வளைந்தது. வளைந்த கோடு கொடியாகிவிட்டது. நூலாவது ஒன்றாவது, இறங்க மனசில்லாமல் அதே பஸ்ஸில் திரும்பினாள்.

அப்புறம் தினமும் அதுதான். மதியம் ஏறினால் ஒரு நடை, சில நாள் இரண்டு. அன்புமணி வேலை முடிந்து வருவதற்குள் மாடியில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

"ரூம் ஒத்துக்குச்சா?" என்று கேட்பான்.

"ஒத்துக்காம என்னங்க."

டிக்கெட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். எட்டு மாத ஞாயிறுகளை ஒரு மனிதன் செங்கல்லாக அடுக்கித் தந்திருக்கிறான். அங்கே ஒரு கோடுகூட வரவில்லை என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் அவன் முகம் வாடிப்போகும். அதைப் பார்க்கும் தைரியம் அவளுக்கு இல்லை.

நான்கு மாதம் ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை கண்டக்டர் முஸ்தபா டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே சொன்னார்: "ஏனுங்க அக்கா, நேத்து உங்களுக்குப் பின்னால ஒரு கொத்தனார் நின்னுட்டு வந்தாருங்க. கையில கரணை, ரசமட்டமெல்லாம் வெச்சிருந்தாரு. இந்தக்கா டெய்லி வருவாங்களான்னு கேட்டாரு. வருவாங்க, எறங்க மாட்டாங்க, டிக்கெட்டுக்குப் பின்னால படம் போட்டுட்டே இருப்பாங்கன்னு சொன்னனுங்க."

"அப்புறம்?"

"மதுக்கரைக்கு டிக்கெட் எடுத்துப்போட்டு குனியமுத்தூர்லயே எறங்கிட்டாருங்க."

நேற்று அன்புமணி தாமதமாக வந்தான், சாப்பிட்டான், படுத்துவிட்டான். ரூமைப் பற்றிக் கேட்கவில்லை. அதை அவள் கவனிக்கக்கூட இல்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடினாள். டப்பா இருந்த இடத்தில்தான் இருந்தது. திறந்தால் காலி.

மாடியேறினாள். காலையில் வேலைக்குப் போனவன் அரைநாளில் திரும்பி வந்து அங்கே நின்றிருந்தான். பக்கத்தில் மைதாப் பசைக் கிண்ணம். மூன்று ஞாயிறு இழைத்த சுவரில் நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து, வரிசை வரிசையாக டிக்கெட்டுகளை ஒட்டிக்கொண்டிருந்தான். கொடியும் மயிலும் மாங்காயும் வெளியே பார்த்தன. தேதி அச்சடித்த பக்கம், அவள் பொய் சொன்ன அத்தனை நாளும், பசையோடு சுவருக்குள் போய்விட்டது.

"ஏனுங்க, நான் சொல்லோணும்னுதான்..." அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

"கடைசி வரிசை பத்தல," என்றான் அவன், திரும்பாமலே. "ஒம்பது கொறையுது. இன்னைக்கு ஒண்ணும் போடலியாக்கும்?"

அவள் கையில் அன்றைய டிக்கெட் கசங்கியிருந்தது. பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"மூணேகாலுக்கு ஒரு பஸ்ஸு இருக்குது. மூஞ்சியக் கழுவிட்டுப் போயிட்டு வா, கண்ணு."