ஸ்பானர் போடக்கூடாத இடம்

"டக்" என்று ஒரு சின்னச் சத்தம்தான் கேட்டது. பாக்கு வெட்டினால்கூட அதைவிடப் பெரிதாகக் கேட்கும். ஆனால் ஓசூரில் இருபது வருஷம் ஃபிட்டராக இருந்தவனுக்கு, எது உடைந்தால் எப்படிச் சத்தம் வரும் என்று தெரியாதா? உடைந்தது வெளிநாட்டிலிருந்து வந்த சாம்பிள். இருந்தது ஒன்றே ஒன்று. உடைத்தவன் நான்.

டூல்ரூமுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்காக இதைச் சொல்கிறேன். சிரித்துவிட்டுப் போங்கள், பரவாயில்லை.

1. வெள்ளைக் கோட்டு

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் நடந்தது. அதுவரை எங்கள் ஷெட்டில் லாரிக்கு அச்சு செய்கிற ஆக்ஸில் வேலைதான். ஓனர் வெங்கடேசப்பா பெங்களூரில் ஒரு மருத்துவக் கருவிக் கம்பெனியிடம் ஆர்டர் பிடித்துவிட்டு, ஐந்து வெள்ளைக் கோட்டோடு வந்து இறங்கினார்.

"ஆஸ்பத்திரி வேலைப்பா. இனிமே எவனாவது கிரீஸ் கையோட டிராயிங்கத் தொட்டீங்க, அவ்ளோதான்!" என்றார். எல்லோருக்கும் தலையில் மாட்ட வலைத் தொப்பியும் வாங்கியிருந்தார். அவர் தலையில் முடி இருந்ததை எங்களில் யாரும் பார்த்ததில்லை. அவரும் ஒன்றை மாட்டிக்கொண்டார்.

வேலையை விளக்க அந்தக் கம்பெனியிலிருந்து வினுதா என்ற இன்ஜினியர் வந்தார். கன்னடக்காரப் பெண், தமிழைத் தட்டுத்தடுமாறாமல் பேசுவார். நெஞ்சைப் பிளக்காமலேயே இதய வால்வை மாற்றுவார்களாம். மடக்கிய வால்வை நீளக் குழாயின் நுனியில் வைத்து, தொடை ரத்தக்குழாய் வழியாக இதயம் வரை கொண்டுபோவார்கள். குழாயின் வெளிமுனையில் ஒரு பிளாஸ்டிக் கைப்பிடி. அதிலுள்ள சக்கரத்தைத் திருகினால் உள்ளே வால்வு விரியும். அந்த நேரம் கைப்பிடி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் வம்பு. அதைப் பிடித்துக்கொள்ள ஒரு ஸ்டாண்டு வேண்டும், அதுதான் எங்கள் வேலை. பிடிப்பது மனுஷனாக இருந்தால் கை வலிக்கும், தும்மல் வரும். ஸ்டாண்டுக்கு அதெல்லாம் வராது.

2. சாமி சுற்று

ஸ்டாண்டு தயாரானது. வினுதா கொண்டுவந்த சாம்பிள் கைப்பிடியை அதில் வைத்து, மேலே கிளாம்பை இறக்கி, விரலால் குமிழைத் திருகினோம். வினுதா லேசாக இழுத்துப் பார்த்தார்.

"அண்ணா, நகருது."

எனக்குச் சுருக்கென்றது. நான் முறுக்கிய போல்ட்டு ஊர் ஊராக ஓடுகிறது, ஒன்றும் நகர்ந்ததில்லை. எங்கள் ஷெட்டில் ஒரு பழக்கம் உண்டு. முறுக்கு முடிந்த பிறகும் கால் சுற்று கூடுதலாகப் போடுவோம். அதற்குச் சாமி சுற்று என்று பெயர். வினுதா சாப்பிடப் போன நேரம் பார்த்து, குமிழைக் கழற்றி எறிந்துவிட்டு போல்ட்டைப் போட்டேன். ஸ்பானர் எடுத்தேன். சாமி சுற்றும் கொடுத்தேன். டக்.

கைப்பிடியின் அடிப்பக்கம் விரல் நீளத்துக்கு விரிசல். ஓனர் வந்து இழுத்துப் பார்த்தார். மலை மாதிரி நின்றது. "இப்ப ஆடலயே! மாதேசா, நீதான்பா ஆளு!" என்று தோளில் தட்டினார். நான் திருட்டு முழி முழித்தேன்.

வினுதா வந்து சக்கரத்தைத் திருகினார். திரும்பவில்லை. கழற்றிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அய்யோ தேவரே!" என்று கன்னடத்தில் சாமியைக் கூப்பிட்டார் ஓனர். அடுத்த நொடியே சுதாரித்துக்கொண்டார். "பார்சல்ல வரும்போதே அப்டித்தான் இருந்திருக்கும், மேடம்."

"பார்சல்ல வரல சார். பஸ்ல என் மடியில வெச்சிட்டு வந்தேன். ஆபீஸ்ல இத நான்தான் உடைச்சேன்னு சொல்வாங்க."

ஓனர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், வாயை மூடு என்று. மூடியிருந்தால் என் வேலை தப்பும், அந்தப் பெண்ணின் வேலை போகும்.

"நான்தாம்மா உடைச்சன். ஸ்பானர் போட்டன்."

ஓனர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். வினுதா என்னையே பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன்.

"ஏண்ணா போட்டீங்க?"

"நகந்துடுமோன்னு பயம்மா."

"அதே பயம் ஆபரேஷன் பண்றவங்களுக்கு வராதா? அவங்களும் இன்னொரு சுத்து சுத்தினா? வால்வு பாதி விரிஞ்சிருக்கும்போது சக்கரம் இப்டி நின்னா?"

ஆபரேஷன் மேஜைமேல் ஒரு ஆள் படுத்திருப்பார் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

3. பெட்ரோல் மூடி

வினுதா தன் ஆபீசுக்கு நடந்ததை நடந்தபடியே எழுதினார். வேறு கைப்பிடி வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. எவ்வளவு பயந்தவன் திருகினாலும் அளவோடு நிற்கிற குமிழ் வேண்டும். அப்போதுதான் ஓனர் கார் ஞாபகம் வந்தது. அதன் பெட்ரோல் டேங்க் மூடியை எவ்வளவு திருகினாலும் ஓர் அளவுக்குமேல் கட்கட்டென்று வழுக்கும். கழற்றினேன். பிரித்தேன். உள்ளே ஒரு சுருள்வில்லும் பல்சக்கரமும் இருந்தன. திரும்ப மாட்டத்தான் தெரியவில்லை. ஓனர் ஒரு வாரம் டேங்கில் துணியை அடைத்துக்கொண்டு பெங்களூர் போய்வந்தார். வழியெல்லாம் என்னை வைதிருப்பார்.

அதே மாதிரி எங்கள் குமிழைச் செய்தோம். நகராமல் இருக்க, கிளாம்பின் உள்பக்கம் மெத்தென்ற சிலிக்கான் ஒட்டினோம். புதுக் கைப்பிடியோடு வினுதா ஒரு டெஸ்ட் படிவமும் கொண்டுவந்தார். கடைசி வரியில் 'மாதேசன் டெஸ்ட்' என்று இருந்தது.

"உங்க பலம் பூரா போட்டுத் திருகுங்கண்ணா."

திருகினேன். கட்கட். இன்னும் திருகினேன். கட்கட்கட். ஷெட்டே கூடி நின்றது. "நல்லா சுத்துப்பா, சம்பளம் குடுக்கறன்ல!" என்று ஓனர் கத்தினார். பல்லைக் கடித்துத் திருகினேன். குமிழ் வழுக்கியதே தவிர, ஒரு இம்மிகூட இறுகவில்லை.

வினுதா இழுத்துப் பார்த்தார். நகரவில்லை. சக்கரத்தைத் திருகினார். வெண்ணெய் மாதிரி சுழன்றது.

நல்ல கை இருந்தால் நல்ல வேலை வரும் என்று அதுவரை நம்பியிருந்தேன். பயந்தவன் கையிலும் கெடாமல் இருப்பதுதான் நல்ல வேலை. படிவத்தில் என் பெயருக்கு நேராக வினுதா 'பாஸ்' என்று எழுதினார். என் கை தோற்றதற்காக நான் வாங்கிய பாஸ் அது ஒன்றுதான்.