ஐஸ் உருகுவதற்குள் ஒரு வரி

போன வாரம் என் இன்சுலின் வீட்டுக்கு வந்தது. மருந்துக் கடைக்காரர் பெட்டியைத் திறந்து நீட்டியதும், என் கை மருந்தை விட்டுவிட்டு நேராக ஐஸ் பொட்டலத்துக்குப் போனது. கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, "இன்னும் ரெண்டு மணி நேரம் தாங்கும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சர்க்கரை தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருப்பார். அந்த விரல் வித்தை என்னுடையது இல்லை. கொல்லிமலையில் செல்லம்மா சிஸ்டரிடம் பார்த்துத் திருடியது.

2000-ஆம் வருடத்தின் முதல் மாதம் அது. மலைமேல் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் கம்ப்யூட்டர் ஆள். இருந்தது ஒரே கம்ப்யூட்டர், ஒரே ஆள். அதனால் எனக்கு நானே மேலதிகாரி, வேலைநிறுத்தம் செய்வதென்றாலும் என்னிடம்தான் மனுக் கொடுக்க வேண்டும். எந்த ஊரில் எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி பாக்கி என்று பட்டியல் போட்டுக் கொடுக்கும் புரோகிராம் நான் எழுதியது. மாதம் ஒரு முறை சிஸ்டர் ஐஸ் பெட்டியோடு ஜீப்பில் கிளம்புவார். அதற்கு முன் பட்டியல் தயாராக வேண்டும். "இனி நோட்டெல்லாம் எதுக்குங்க சிஸ்டர்?" என்று பெருமை பேசி, அவருடைய பழைய பதிவேடுகளை மலையடிவாரத்துச் சேந்தமங்கலம் ஆபீசுக்கு அனுப்பிவைத்திருந்தேன். வாய்க்கொழுப்பு என்பது இதுதான்.

நான் புரோகிராம் எழுதும் முறையும் கொஞ்சம் ஆடம்பரம். ஒரே நீளமான ஆவணம். அதில் கதை மாதிரி விளக்கம், இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். நடுநடுவே கம்ப்யூட்டருக்கான கட்டளைகள். ஒரு கருவி அந்தக் கட்டளைகளை மட்டும் பிரித்து முப்பது கோப்புகளாக எழுதித் தரும். பிறகு கம்ப்யூட்டர் ஒவ்வொன்றையும் தன் பாஷைக்கு மாற்றிக்கொள்ளும். எந்தக் கோப்பு புதிதோ அதை மட்டும் மாற்றும் அளவுக்கு அதற்குப் புத்தி உண்டு. என் கருவிக்குத்தான் இல்லை. விளக்கத்தில் ஒரு புள்ளியைத் திருத்தினாலும் முப்பதையும் புதிதாக எழுதி, முப்பதுக்கும் புது நேரத்தைக் குத்திவிடும். எல்லாம் முடிய ஐம்பது நிமிடம். எனக்கு அது குறையாகவே படவில்லை. மிளகு ரசத்தோடு ஒரு சாப்பாடும், மேஜையில் தலை வைத்து ஒரு குட்டித் தூக்கமும் அதற்குள் கச்சிதமாக அடங்கும்.

அன்று பத்து மணிக்குப் பட்டியலை அச்சடித்துக் கொடுத்தேன். சிஸ்டர் ஒரே பார்வையில் நிமிர்ந்தார்.

"ஏனுங்க சார், போன மாசம் என் கையில தூக்குன புள்ளைங்க பேரு ஒண்ணுகூட இல்லீங்களே?"

வருடத்துக்கு இரண்டே இலக்கத்துக்குத்தான் இடம் விட்டிருந்தேன். '99-இல் பிறந்த குழந்தையை '00-இல் கேட்டால், "இன்னும் பிறக்கவில்லை" என்று என் புரோகிராம் சாதித்தது.

"பேரு தெரிஞ்சாத்தானுங்க, குச்சிக்கிழங்குக் காட்டுக்குப் போன அம்மாளக் கூப்பிட்டு விட முடியும். ஒண்ணரைக்குள்ள கெளம்பலீன்னா ஊசி போட்டு முடிக்கிற வரைக்கும் ஐஸ் நிக்காதுங்க" என்றார்.

ஏழாவது கோப்பில் ஒரே ஒரு வரி. திருத்தினேன். திருத்திய சந்தோஷத்தில், பிறக்காத குழந்தைகளைப் பற்றி ஆவணத்தின் உச்சியில் மூன்று வரியில் ஒரு ஜோக்கும் சேர்த்தேன். ஓட விட்டேன். பதினோராவது கோப்பில் கரண்ட் போனது. யு.பி.எஸ். கீச்சென்று ஒரு முறை கத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

கரண்ட் வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். சிஸ்டர் பெட்டிக்குள் கை விட்டு ஐஸை அழுத்திப் பார்த்தார். வெளியே ஜீப் டிரைவர் ஆரன் அடித்தார். என் கட்டளை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியது, முடிய ஒன்று முப்பத்தைந்து ஆகும். திரையில் 'முப்பதில் ஒன்று, முப்பதில் இரண்டு' என்று ஓடிய கோப்புப் பெயர்களையே சிஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பேரெல்லாம் காலைலயே ஓடுச்சுங்களே. தப்பு எதுலீங்க?"

"ஏழாவதுலீங்க சிஸ்டர்."

"அப்ப மத்த இருபத்தொம்பதும் என்னங்க பாவம் பண்ணுச்சு?"

எனக்குச் சுருக்கென்றது. ஓட்டத்தை நிறுத்தினேன். போன வாரம் ஃபிளாப்பியில் எடுத்துவைத்த பழைய கோப்புகளைத் தேதி மாறாமல் திரும்பக் கொண்டுவந்தேன். இனி கருவி நேராக அவற்றின் மேல் எழுதக் கூடாது. பக்கத்தில் வேறொரு இடத்தில் எழுதட்டும். பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் மட்டும் புதியது உள்ளே வரட்டும், இல்லையென்றால் பழையதைத் தொடவே வேண்டாம். நாலே வரி. அடித்து ஓட்டினேன்.

முப்பதும் வித்தியாசம் என்றது.

மணி ஒன்று ஐந்து. இரண்டு கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு துண்டின் தலையிலும், இது ஆவணத்தின் இத்தனையாவது வரி என்று கருவி ஓர் எண் போட்டுவைக்கும். எல்லா எண்களும் மூன்று மூன்று தள்ளிப் போயிருந்தன. உச்சிக்குப் போனேன். அங்கே என் ஜோக் உட்கார்ந்திருந்தது.

சிஸ்டர் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். சிரிக்கவில்லை. "இதுக்காங்க சார் என் ஐஸ் கரையுது?"

அழித்தேன். மூன்று வரியும் போயிற்று. ஃபிளாப்பியிலிருந்து பழைய கோப்புகளை இன்னொரு முறை கொண்டுவந்து, மறுபடி ஓட்டினேன். இருபத்தொன்பது அப்படியே இருந்தன. ஏழாவது மட்டும் உள்ளே வந்தது. மூன்றே நிமிடம். பிரிண்டர் கரகரவென்று தாளைத் துப்ப, சிஸ்டர் அதைக் கிழித்துக்கொண்டு ஓடினார். ஒன்று இருபதுக்கு ஜீப் கிளம்பிற்று.

சாயங்காலம் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலூர்பட்டிப் பக்கமிருந்து ஜீப் திரும்பியது. சிஸ்டர் காலிப் பெட்டியை என் மேஜைமேல் வைத்தார்.

"பொறக்காத புள்ளைங்க பதினாலு பேரும் நல்லாக் கத்துச்சுங்க சார். ஊரே கேட்டுச்சு." பிறகுதான் சிரித்தார். "அந்தத் தமாசத் திரும்ப எழுதி வெச்சுக்குங்க."

இப்போது அதே மாதிரி வேலை, விசையிலிருந்து விரலை எடுப்பதற்குள் முடிந்துவிடுகிறது. ஒப்பிட்டுப் பார் என்று யாரும் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. என் ஐம்பது நிமிடம் போயிற்று, குட்டித் தூக்கம் போயிற்று, ரசமும் டாக்டர் சொல்லி அளவோடு. அந்த ஜோக் மட்டுமாவது மிஞ்சியிருக்க வேண்டும். அன்று சிஸ்டர் போனதும், கடைசியில் சேர்த்தால் கீழே எந்த எண்ணும் நகராதே என்று ஆவணத்தின் கடைசி வரிக்குப் போய் உட்கார்ந்தேன். ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை. இன்றுவரை வரவில்லை. படித்த ஒரே ஆளும் சிரிக்காததால், அது நல்ல ஜோக்தானா என்றுகூட எனக்குத் தெரியாது.