கடல் பீச்சும் பாறையும் மதினியின் நல்லெண்ணெயும்

“சுருளியில இல்லாத தண்ணியா அங்கன இருக்கு? பாறையில ஒரு ஓட்டையப் பாக்க விடிஞ்சும் விடியாம வேன் ஏறணுமாக்கும்!”

சொன்னது மதினி, என் கணவரின் அக்கா. இடம் கம்பம், எங்கள் வாசல். குடும்பத்தைச் சுற்றுலாவுக்குக் கிளப்புவது இல்லத்தரசி உத்தியோகத்தில் சம்பளமில்லாத ஓவர்டைம் என்பது, தோழியரே, உங்களுக்குத் தெரியாததல்ல.

ஒருவழியாகக் கிளம்பினோம்

கடல் குடைந்த பாறைத் துளைக்குள் அலை புகுந்தால், தண்ணீர் வானத்துக்குப் பீச்சியடிக்கும் என்று கான்வென்ட்டில் பூகோள டீச்சர் கரும்பலகையில் வரைந்து காட்டினார். அன்றிலிருந்து எனக்கு அதைப் பார்த்தாக வேண்டும். குமரிக் கரையோரம் அப்படி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டதும் பிடித்துக்கொண்டேன்.

கல்யாணமான நாளாக மதினி சொல்கிற இடத்துக்குத்தான் போகிறோம். அதாவது சுருளி அருவி, சுருளி அருவி, மறுபடி சுருளி அருவி. முதல் தடவையாக நான் சொன்ன இடம். சொதப்பினால் ஆயுசுக்கும் வாய் திறக்க முடியாது. கணவர் எந்தக் கட்சியிலும் சேராமல் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். “ஏறுங்க, ஏறுங்க. சண்டைய வேன்லயும் போடலாம்.”

தலைக்கு எண்ணெய் வைத்த கதை

குமரிக் கரையில் இறங்கினால் கம்பித் தடுப்பு, அதற்கப்பால் கறுத்த பாறை, அதில் துளை. விசில் வராத குக்கர் மாதிரி முனகியதே தவிர ஒரு சொட்டு வெளியே வரவில்லை. நான் பதறிக்கொண்டிருக்க, மதினி நிதானமாக நல்லெண்ணெய் பாட்டிலைத் திறந்து உச்சியில் ஊற்றித் தேய்த்தார். எங்கள் பள்ளத்தாக்கில் பாறையிலிருந்து தண்ணீர் கொட்டினால் அது குளிக்கத்தான். ‘இது அருவி இல்லை, கடல்’ என்று நான் சொல்வதற்குள் கணவரும் டிரைவரும் எண்ணெய்க்குக் கையை நீட்டிவிட்டார்கள்.

மூவரும் பளபளவென்று வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மாங்காய் விற்ற அம்மாள், “கடலு கேறட்டும், பொறவு பாருங்க” என்றார். கடல் மட்டம் ஏறினால்தான் துளை பீச்சுமாம். பெரியாற்றுத் தண்ணீரில் நெல் விளைவிக்கிற மதினிக்கு அந்த விளக்கம் போதவில்லை. “மதகு தொறக்குற ஆளு சாப்பிடப் போயிட்டானாத்தா?”

கடல் ஏறியது

பொழுது சாய்ந்தது. டிரைவர் கிளம்பலாம் என்றார். தோற்றுப்போய்ப் பைகளை எடுத்தேன். அப்போது காலடியில் பாறை திம்மென்று அதிர்ந்தது. மறுநொடி தென்னை உயரத்துக்கு வெள்ளைவெளேரென்று தண்ணீர்! மேலே கொஞ்சம் நின்று யோசித்துவிட்டு மொத்தமும் எங்கள் தலையில் இறங்கியது.

மதினி போட்ட கூச்சலில் பயந்துபோய் ஓடினேன். பார்த்தால், சிரிப்பு! சோப்பை எடுத்துத் தேய் தேய் என்று தேய்த்தார். உப்புத் தண்ணீரில் நுரை வருமா? எண்ணெயும் மணலும் உப்புமாக, பலாப்பிசினில் விழுந்த கோழி மாதிரி நின்றுகொண்டு என் கையைப் பிடித்தார். “ஏத்தா, இனிமே வருசா வருசம் இங்கனதான். சுருளிக்கு எவ போவா!”

வேனுக்குத் திரும்பும் படலம்

ஜெயித்தது நான்தான், ஆனால் கிளப்புவதைவிடத் திருப்புவதுதான் பெரிய உத்தியோகம் என்பது, அடுத்த பீச்சலுக்காகத் தலையைக் குனிந்து நின்ற அந்த மூன்று முதுகுகளைப் பார்த்துக் கத்தும்போதுதான் தெரிந்தது: “ஈரச்சேலையோட நடுங்குறேன், யாராச்சும் ஒருத்தர் வேனுக்கு வாங்களேன்!”