மீனுக்கு முன்னால் வந்தவை

எங்கள் வீட்டு ஹாலில் மீன் இல்லாத மீன் தொட்டி ஒன்று பல வாரங்கள் இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் குனிந்து பார்ப்பார்கள். மணல், ஒரு கட்டை, கொஞ்சம் செடி, மூலையில் சலசலவென்று தண்ணீர் விடும் வடிகட்டி. மீனைத் தேடிக் களைத்து நிமிர்ந்து அம்மாவைப் பார்ப்பார்கள்.

“என்னைய கேக்காதீங்க,” என்பார் அம்மா. “படிச்ச புள்ள வச்சிருக்கு. மீனே இல்லாத தொட்டிக்கு தெனமும் மீன் சாப்பாடு போடுது.”

அது உண்மைதான். குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர்ச் சோதனை அறையில் வேலை செய்கிறேன். அங்கே நாள் முழுக்க அம்மோனியா அளப்பதுதான் என் பிழைப்பு. அந்த நஞ்சையே தின்று வாழும் நுண்ணுயிர்கள் உண்டு, அவை குடியேறிய பிறகுதான் ஒரு தொட்டியில் மீன் நிம்மதியாக வாழ முடியும் என்று படித்திருந்தேன். படித்ததோடு சரி, அவை வருவதை ஒருமுறை என் வீட்டிலேயே பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அதற்காகத்தான் காலித் தொட்டியில் மீன் உணவைப் போட்டு, அதிலிருந்து அம்மோனியா வரட்டும் என்று அழுக விட்டேன்.

உடன் வேலை செய்த ஒருவர் வீடு மாறும்போது கொடுத்துவிட்டுப் போன தொட்டி அது. மணலை அரிசி களைவதுபோலத் தண்ணீர் தெளியும்வரை களைந்தேன். (“அது நான் மாவு பெசையிற பேசின்,” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.) குழாய்த் தண்ணீரின் குளோரினை முறிக்க மருந்து விட்டேன். அதன் பிறகு காத்திருப்பதுதான் வேலை. சாயங்காலமானால் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்துச் சோதனைச் சொட்டுகளை விடுவேன். மஞ்சளாக நின்றால் அம்மோனியா இல்லை. பச்சையானால் இருக்கிறது.

“இன்னைக்கு என்ன கலர்?” என்று அப்பா நாலு நம்பர் லாட்டரி முடிவு கேட்பதுபோல் கேட்பார்.

“கரும்பச்சைப்பா.”

“நல்லதா, கெட்டதா?”

“மீனுக்குக் கெட்டது. நமக்கு நல்லது.”

“சரி, சரி,” என்று அப்பாவும் குப்பியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அதில் ஒன்றும் தெரியாது. எனக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காக இரண்டு பேர் சேர்ந்து காத்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

அம்மாவின் கவலை வேறு. அதற்கு முந்தின வருஷம் அப்பாவுக்கு டிங்கிக் காய்ச்சல் வந்து, ரத்தத் தட்டணுக்கள் இறங்கி, மருத்துவமனையில் பேச்சில்லாமல் கிடந்தார். பிழைத்து வந்தபோது, இரண்டாம் முறை வந்தால் இதைவிட மோசமாகலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அந்த ஒரு வார்த்தையை அம்மா பிடித்துக்கொண்டார். வீட்டில் தேங்கிய தண்ணீர் ஒரு சொட்டுகூட இருக்கக்கூடாது. வாளிகள் எல்லாம் கவிழ்ந்தே கிடக்கும். பூச்சட்டிக்கு அடியில் தட்டு கிடையாது. ஐஸ்பெட்டிக்குப் பின்னால் நீர் சொட்டும் தட்டைத் தினமும் துடைப்பார். சாமி மேடையில் வைக்கும் செம்புத் தண்ணீர்கூட மறுநாள் இருக்காது. சுகாதார இலாகாக்காரர்கள் கொடுத்த கொசு மருந்து, பார்க்க மணல் மாதிரி இருக்கும், ஒரு பழைய மைலோ டின்னில் எப்போதும் தயாராக இருந்தது.

அப்பாவுக்கு ராத்திரி சிப்ட். காலையில் பஸ்ஸில் வந்து இறங்கி, பசியாறிவிட்டு, அறையில் புழுக்கம் என்று ஹாலிலேயே பாயைப் போட்டுப் படுத்துவிடுவார். டிங்கிக் கொசு கடிப்பது பகலில். தொட்டி இருப்பதும் ஹாலில். அம்மா இதையெல்லாம் கூட்டிப் பார்த்துத்தான் முதல் நாளே கேட்டார்.

“இதுவும் தேங்குன தண்ணிதானேடா?”

“மூடி இருக்கும்மா. கொசு உள்ள போகாது.”

அவர் தினமும் அந்தக் கண்ணாடி மூடியைத் தொட்டு அழுத்திப் பார்ப்பார். வடிகட்டியின் குழாய் உள்ளே இறங்குவதற்காக மூடியின் ஒரு மூலை வெட்டப்பட்டிருந்தது. ஆனால் தண்ணீர் விழுவதும் அந்த மூலையில்தான் என்பதால் அங்கே எப்போதும் நுரைத்துக் கலங்கிக்கொண்டே இருக்கும். கொசு வந்து உட்கார வழியில்லை.

பிறகு என்னைக் கோலாலம்பூருக்கு ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

எங்கள் பக்கத்து மத்தியான மழை இடியோடுதான் வரும். ஒருமுறை டிவி கருகிப்போனதிலிருந்து, வானம் இருண்டாலே அம்மா வீட்டிலுள்ள பிளக் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவார். அந்த வாரம் தினமும் மழை. டிவியைத் திரும்ப மாட்டினார், ஐஸ்பெட்டியைத் திரும்ப மாட்டினார், வடிகட்டியை மட்டும் மாட்டவில்லை. பிறகு ஏன் என்று கேட்டதற்கு, “மீனே இல்லையே, அதுல யாரு மூச்சுத் தெணறப் போறா?” என்றார்.

நான் திரும்பி வந்த சாயங்காலம் அப்பா தேத்தண்ணிக் கோப்பையோடு தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“டேய், ஒன் மீனு தானா வந்துருச்சு. பாரு, குட்டி குட்டியா.”

குனிந்தேன். சத்தமில்லாத அந்த மூலையில், தண்ணீரின் மேல்தோலில் வாலை ஒட்டவைத்து, தலைகீழாக, ஒரு கூட்டம் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்று விடுபட்டு உடலை வளைத்து வளைத்து அடியில் இறங்கியது.

“அது மீன் இல்லப்பா. ஜெந்திக்.”

கொசுப் புழுவுக்கு இங்கே எல்லா மொழிக்காரர்களும் சொல்லும் பெயர் அது. அப்பா பயந்து விலகுவார் என்று நினைத்தேன். அவர் இன்னும் கிட்டே போனார்.

“இதுவா என்னைய படுக்க வச்சது? இத்துனூண்டு இருக்கு. ஏன்டா தலகீழா தொங்குது?”

“வால்லதான் மூச்சு விடும்ப்பா. அந்தக் கொழாய வெளிய நீட்டிக்கிட்டு.”

“அலாமாக்,” என்று வியந்தார் அப்பா. “சாமர்த்தியத்த பாரு.”

இது டிங்கிக் கொசுவின் புழுவா, வேறு வகையா என்று எனக்குப் பார்த்துச் சொல்லத் தெரியவில்லை. ஒன்றைப் பிடித்து உற்றுப் பார்க்க ஆசையாக இருந்தது. அதற்குள் ‘ஜெந்திக்’ என்ற சொல் சமையலறைவரை போய்விட்டது. அம்மா மைலோ டின்னோடு வந்து நின்றார்.

“நகரு.”

“இரும்மா. அத இப்படி அள்ளிப் போட்டா மணல்லயே தங்கிடும். அப்பறம் நான் மீனோட வளக்க நெனச்ச இறால் பொழைக்காது. எல்லாத்தையும் கொட்டிட்டு மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.”

“ஒனக்கு எறாலு வேணுமா, ஒங்கப்பா வேணுமா?”

“நான் இங்கதாம்மா நிக்கிறேன்,” என்றார் அப்பா. “பங்கு பிரிக்கிற மாதிரி பேசுறீங்க ரெண்டு பேரும்.”

அம்மா சிரிக்கவில்லை. “காலையில நீங்க வந்து படுக்கறதுக்குள்ள இதுல ஒன்னுகூட இருக்கக்கூடாது. இருந்துச்சுன்னா மருந்தும் போடுவேன், தொட்டியையும் வாசல்ல கவுத்துருவேன்,” என்றவர் என் பக்கம் திரும்பி, “பேச்சு இல்ல,” என்றார்.

அப்பா தொழிற்சாலை பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார். நான் வலையால் அள்ளிப் பார்த்தேன். கை நிழல் விழுந்ததுமே எல்லாம் செடிக்குள் பாய்ந்து மறைந்தன. ஐந்தாறு கிடைத்தன, கூட்டம் அப்படியே இருந்தது. சோதனைக் குப்பியில் பச்சை கொஞ்சம் வெளிறியிருந்தாலும் இன்னும் மஞ்சளாகவில்லை. கடையில் விற்கும் மெல்லிய மீன்களை இந்தத் தண்ணீரில் விடுவது பாவம்.

அள்ளியதைக் கொட்டப் பின்பக்கம் போனவன் லொங்காங் ஓரம் நின்றுவிட்டேன். வீடுகளின் சாக்கடைத் தண்ணீர் ஓடும் சிமெண்டுக் கால்வாய் அது. சோப்பு நுரை, சோற்றுப் பருக்கை. தண்ணீர் நகர்வதே தெரியவில்லை. ஆனால் ஒரு ஜெந்திக் கூட இல்லை. ஏன் இல்லை? இத்தனை வருஷம் தாண்டிப் போன கால்வாயை அன்றுதான் அப்படிப் பார்த்தேன். நுரைக்கு அடியில் சின்னச் சின்ன கப்பி மீன்கள், வாலில் ஒரு பொட்டு வண்ணத்தோடு, எதையோ கொத்திக்கொண்டு திரிந்தன. இந்தத் தண்ணீரையே தாங்குகிறவை என் அம்மோனியாவையா தாங்காது?

“லொங்காங் மீனா? வீட்டுக்குள்ளயா?” என்றார் அம்மா. ஆனாலும் பழைய மாவுச் சல்லடையை எடுத்துக் கொடுத்தார். வாளியையும் அவரே பிடித்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. ஒரு கை அளவு மீன்கள் சேர்ந்ததும் வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

“மஞ்சத்தூளு போட்டு ரெண்டு தடவ அலசிட்டு விடு.”

“அம்மா, இது கொழம்புக்கு இல்ல.”

“அழுக்கு அழுக்குதானேடா!”

மஞ்சளைத் தடுத்து, நல்ல தண்ணீரில் மூன்று முறை மாற்றி விட்டு, அவரைச் சம்மதிக்க வைத்தேன். பிறகு தொட்டியில் விட்டேன்.

மீன்கள் கட்டைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு அசையவில்லை. மேலே ஜெந்திக்குகள் பழையபடி தொங்கின. அம்மா டின்னின் மூடியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் தரையில். வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. “ம்,” என்றார் அம்மா. அந்த ஒரு ‘ம்’முக்கு அர்த்தம் எனக்குத் தெரியும்.

அப்போது ஒரு பெண் மீன், தடித்த வயிற்றோடு, மெதுவாக மேலே போனது. ஒரு ஜெந்திக்கின் முன்னால் நின்றது. பார்த்தது. ஜெந்திக் துள்ளியது, மீன் சடக்கென்று விழுங்கியது.

“தின்னுருச்சு!” என்றார் அம்மா.

அதன் பிறகு எல்லா மீன்களும் வந்துவிட்டன. அம்மா கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு வேலை வாங்க ஆரம்பித்தார். “அந்தா, செடிக்குப் பின்னால ஒன்னு. ஏய் குருடி, ஒன் மூஞ்சிக்கு நேராதான் இருக்கு. அப்படித்தான். இன்னும் அங்க ஒன்னு, கட்டைக்கு அடியில...” வயிறு புடைத்துப் போயும் அவை விடவில்லை. விளக்கடித்துத் தேடியும் ஒன்றும் கிடைக்காதபோதுதான் டின்னின் மூடி இறுகியது.

காலையில் அப்பா வந்து பாயை விரிக்கும் முன் தொட்டியைப் பார்த்தார். “நெசமாவே மீனு வந்துருச்சா?” என்று கேட்டுக்கொண்டே படுத்தார். அம்மா அவர் காலடியில் நின்று தொட்டியை இன்னொரு முறை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

வடிகட்டி திரும்ப ஓட ஆரம்பித்த கொஞ்ச நாளில் குப்பி மஞ்சளானது. மீன் விட்டாயிற்று, கலர் தெரிந்துவிட்டது, ஆனால் அந்த நுண்ணுயிர்கள் மணலில் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்கு வேறு தேடல். மழை விட்டதும் மீன்களுக்கு ஜெந்திக் பிடிக்கத் தேத்தண்ணி வடிகட்டியோடு தெருவில் இறங்குவார். பக்கத்து வீட்டு அக்கா பூச்சட்டித் தட்டைக் கவிழ்க்கப் போனால், “கொட்டாத, குடு. நம்ம வீட்ல வயித்துப் பிள்ளக்காரி இருக்கா,” என்று வாங்கி வருவார்.

போன வாரம் வேலையில் இருந்தபோது அம்மாவிடமிருந்து போன் வந்தது. பின்னால் இடி கேட்டது.

“டிவிய புடுங்கிட்டேன். மத்ததெல்லாம் புடுங்கிட்டேன். மீனு பிளக்குல கை வைக்கல, ஓடிக்கிட்டுதான் இருக்கு,” என்றார். “கருகுச்சுன்னா நீதான் புதுசு வாங்கணும், சொல்லிட்டேன். சரி வை, அப்பா தூங்குறாரு.”