டிசம்பர் முதலாம் திகதியும் சறோஜினி அக்காவும்

ஸ்டீல்ஸ் வீதியில் சிவப்பு விளக்குக்காகக் காத்திருந்தபோது சறோஜினி அக்காவின் மகள் அழைத்தாள். "அங்கிள், அம்மா விடிய மோசம் போயிட்டா." அக்கா இனி இல்லை. விளக்கு எப்போது பச்சையானது என்று தெரியவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்தார்கள்.

வானொலியில் அக்காவின் குரலைக் கேட்டபடி காலையில் வேலைக்குக் கார் ஓட்டியவர்கள் நீங்கள். 'அமெரிக்க வரலாற்றில் இன்று' என்ற அவருடைய ஐந்து நிமிட நிகழ்ச்சிக்கு ஒலிக்கட்டுப்பாட்டில் இருந்தவன் நான். "கனடாவிலை இருந்துகொண்டு எதுக்கு அமெரிக்கா?" என்று கேட்பவர்களுக்கு, "ரெண்டு மணித்தியாலம் ஓடினா அமெரிக்கா. அயலட்டையை அறிஞ்சு வைக்கிறது பிழையோ?" என்பார். ஜனாதிபதிகளை ஒரு வரியில் கடந்துவிடுவார். அந்த நாளில் ஒரு சாதாரண மனிதர் என்ன செய்தார் என்பதற்கே மீதி நேரம்.

ஒரு டிசம்பர் முதலாம் திகதி. 1955இல் அதே நாளில், அலபாமாவில், வெள்ளையருக்காக பஸ் இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதான கறுப்பினத் தையல்காரப் பெண்ணைப் பற்றிச் சொன்னார். "வேலை செய்து களைச்சு, கால் நோவிலை எழும்பேல்லை" என்று முடித்தார். உடனே டோர்செட் பார்க் பகுதியிலிருந்து றெஜினா என்ற நேயர் அழைத்தார். பொதியிடும் தொழிற்சாலையில் நாள் முழுதும் நின்று வேலை செய்பவர்.

"எனக்கும் கால் நோகுதுதான். சுப்பவைசர் சொன்னா எழும்பித்தானே நிக்கிறன். அவவுக்கு வேறை ஏதோ இருந்திருக்கவேணும், அக்கா."

அன்று பகல் முழுவதும் அக்கா நூலகத்தில் இருந்தார். மறுநாள் அவர் சொன்ன முதல் வார்த்தையே, "நேற்று நான் பிழையாச் சொல்லிப்போட்டன்" என்பதுதான். அந்தப் பெண் உடல் களைத்து உட்கார்ந்திருக்கவில்லை, விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்தே களைத்திருந்தார், அதை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார் என்று விளக்கினார். றெஜினாவுக்குப் பெயர் சொல்லி நன்றி கூறினார்.

அடுத்த வாரம் றெஜினா மறுபடி நிலையத்துக்கு அழைத்தார். போனை எடுத்தது நான். வீங்கிய காலோடு, வேலையிடத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்திருக்கிறார். எழும்பச் சொன்னபோது மறுத்திருக்கிறார். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் விஷயத்தைச் சொன்னதும் அக்கா குளிர் மேலங்கியை எடுத்தார். "உது எங்கட வேலையில்லை, அக்கா" என்றேன்.

"சொன்னது நாங்கள், தம்பி. கேட்டது அவ. பிறகு எப்பிடி எங்கட வேலையில்லாமல் போகும்?"

பனியில் இரண்டு பஸ் மாறி, றெஜினாவோடு தொழிற்சாலைக்குப் போனார். முகாமையாளர் சந்திக்க மறுத்தார். மறுநாளும் போனார்கள். மூன்றாம் நாள் அவர் வெளியே வந்தார். றெஜினாவின் காலைப் பார்த்த மருத்துவரின் கடிதத்தை அக்கா அவருக்கு வரி வரியாக வாசித்துக் காட்டினார். திங்கட்கிழமை றெஜினா வேலைக்குத் திரும்பியபோது அவருடைய இடத்தில் ஓர் உயரமான முக்காலி இருந்தது. கொஞ்ச நாளில் மற்றப் பெண்களுக்கும் வந்தது.

மார்க்கம் நகரில் நடந்த அக்காவின் இறுதிக் கிரியைக்கு அந்தப் பெண்கள் வேலை உடுப்போடு வந்திருந்தார்கள். "நீங்கள்தானே அண்டைக்கு என்ரை போனை எடுத்தது?" என்று றெஜினா கேட்டார். "ஓம்" என்றேன்.

அக்கா பனியில் நின்ற அந்த மூன்று காலைகளிலும் நான் நிலையத்துச் சூட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்த வெட்கத்தைத்தான் அவர் எனக்கு விட்டுப்போயிருக்கிறார். அதைத் தொலைக்க எனக்கு விருப்பமில்லை. இப்போது யாராவது அழைத்து உதவி கேட்டால், அதுதான் என்னைக் கதிரையிலிருந்து எழுப்புகிறது.