வரிசையின் கடைசித் தட்டு

காலை எட்டேகால் ஆனால் எனக்குக் கை சும்மா இருக்காது. வீட்டில் இப்போது நானும் என் வீட்டுக்காரரும்தான். அவர் விடிந்ததும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லைக்குப் போய்விடுவார். ஒருத்திக்கு என்ன பெரிய சமையல் வேண்டியிருக்கிறது? ஆனாலும் அந்த நேரத்துக்கு அடுப்படிக்குப் போய், கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, யாருக்குப் போடுவதென்று தெரியாமல் நிற்பேன். பார்க்கிறவர்கள் பைத்தியம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

கிளியனூர் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். அங்குள்ள தொடக்கப் பள்ளியில் மூன்று வருடம் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு சமைத்தேன். அரசாங்கம் போடுகிற காலை உணவு. ஒன்றாவதிலிருந்து அஞ்சாவது வரை படிக்கிற பிள்ளைகளுக்கு. மதியச் சத்துணவுக்கு ஆயாவும் அமைப்பாளரும் தனியாக உண்டு. காலைக்கு மட்டும் மகளிர் குழுவிலிருந்து எங்களில் இரண்டு பேரை எடுத்தார்கள். அதற்கு ஒரு விதி. சமைக்கிறவளின் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும். தான் பெற்றது சாப்பிடுகிற சோறு என்றால் எந்தத் தாயும் ஏனோதானோ என்று கிண்ட மாட்டாள் இல்லையா? அந்தப் பிள்ளை அஞ்சாவது முடித்துப் போனால், அம்மாவும் கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டும்.

என் மகள் அப்போது மூன்றாவது படித்தாள். ஒரே பெண். அதற்கு முன்னால் அவளுக்கு நான் காலையில் ஒழுங்காகச் சோறு போட்டதே இல்லை. கொல்லை வேலை அப்படி. கேப்பைக் கூழைக் கரைத்து மூடி வைத்துவிட்டு ஓடுவேன். திரும்பி வந்து பார்த்தால் பாதி நாள் அது வைத்தது வைத்தபடியே இருக்கும். தனியாக உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்கவில்லை என்பாள். அதனால் இந்த வேலை வந்தபோது எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. தினமும் காலையில் என் பிள்ளைக்குச் சூடாக என் கையால் போட வேண்டும், அவள் சாப்பிடுவதை நின்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

முதல் வாரம் அந்த ஆசை நடந்தது. சும்மா சொல்லக் கூடாது, கல்யாண வீட்டுக்காரி மாதிரி திரிந்தேன். அஞ்சரைக்கே போய் அடுப்பைப் பற்றவைத்துவிடுவேன். எட்டேகாலுக்குப் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் வருவார்கள். ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்து, "இன்னும் கொஞ்சம் வைக்கட்டா கண்ணு?" என்று கேட்டுக் கேட்டுப் போடுவேன். என் மகள் மூன்றாவது ஆளோ நாலாவது ஆளோ, ஓடி வந்து நின்றுகொள்வாள்.

எட்டாம் நாள் வந்தது வினை. அன்றைக்கு ரவா கிச்சடி. பிள்ளைகளை விட வந்த அம்மாக்கள் இரண்டு பேர் காம்பவுண்டுச் சுவர் ஓரமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி பக்கத்துத் தெருக்காரி. அவள் மகன் ஒன்றாவது. என் காதில் விழ வேண்டும் என்றுதான் பேசினாள்.

"பாத்தியா, அவ பொண்ணு தட்டுல மட்டும் காய் குவிஞ்சி கெடக்குது. நம்ம புள்ளைங்களுக்கு வெறும் ரவைதான்."

எனக்கு வந்ததே கோபம்! கரண்டியும் கையுமாக வெளியே போனேன். "இன்னாடி பேசற? தெகிரியம் இருந்தா உள்ள வந்து சட்டியப் பாத்துட்டுப் பேசுடி!"

"நான் பொதுவாத்தான்கா சொன்னேன். உனக்கு ஏன் குத்துது?" என்றாள், நிதானமாக.

குத்தத்தான் செய்தது. ஏனென்றால் அவள் சொன்னது பொய் இல்லை. நான் வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாக. ஆனால் என் மகளின் தட்டு வந்தபோது கரண்டி தானாகக் கொஞ்சம் ஆழமாகப் போயிருக்கிறது. கேரட்டும் பீன்சும் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று என் கைக்குத் தெரிந்திருக்கிறது. அவமானத்தில் எனக்குக் காது இரண்டும் எரிந்தது. எதிலும் அரைகுறையாக நிற்கத் தெரியாது எனக்கு. கோபம் வந்தால் ஒரேயடியாக அந்தப் பக்கம் போய்விடுவேன். அன்று சாயங்காலமே மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"இந்தா பாரு, நாளைலேர்ந்து நீ வரிசைல கடைசியாத்தான் வரணும். எல்லாப் புள்ளைங்களும் வாங்கினப்புறம். அப்புறம், அங்க என்னை அம்மான்னு கூப்டாத. மத்த புள்ளைங்க கூப்டற மாதிரி அக்கான்னு கூப்டு."

"அக்காவா? நீயா?" அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஸ்கூல்ல மட்டும்தான். யாரும் நம்மள ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது, தெரியுதா?"

அவளுக்கு அது ஒரு விளையாட்டு. மறுநாள் கடைசி ஆளாக வந்து, தட்டை நீட்டி, "அக்கா, எனக்குக் கொஞ்சம் போடுங்கக்கா" என்றாள். மற்ற பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு வாரம் போனது, யாரும் சிரிக்கவில்லை. ஒரு மாதம் போனது, வீட்டில் ஒருநாள் விளையாடிவிட்டு வந்தவள், "அக்கா, தண்ணி" என்றாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் அதற்கும் சிரித்துத் தொலைத்தேன்.

கடைசியில் வருகிற பிள்ளைக்குச் சட்டியில் என்ன இருக்குமோ அதுதான். கூட வேண்டுமா என்று மற்ற எல்லாரையும் கேட்ட வாய், அவளிடம் மட்டும் கேட்டதில்லை. போட்டதும் அவள் உடனே நகர மாட்டாள். தட்டை வைத்துக்கொண்டு அப்படியே நிற்பாள். எனக்கோ தலைக்கு மேல் வேலை. சாப்பாட்டைச் செல்போனில் படம் எடுத்து அரசாங்க ஆப்பில் ஏற்ற வேண்டும், பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். "நின்னுகினே இருக்காத. போ, போய் உக்காரு, ஜல்தி!" என்று விரட்டுவேன். போய்விடுவாள்.

அவள் நாலாவது படிக்கும்போது ஒரு வியாழக்கிழமை. அன்றைக்கென்று ஒரு பிள்ளை விடாமல் எல்லாரும் வந்திருந்தார்கள். அன்றைக்கென்று உப்புமாவும் அடி பிடித்துவிட்டது. கருகியதைப் பிள்ளைகளுக்குப் போட முடியுமா? மேலாக இருந்ததை மட்டும் வழித்து வழித்துப் போட்டுக்கொண்டே வந்தேன். வரிசை குறையக் குறைய, கடைசியில் நிற்கிறவளையே எட்டி எட்டிப் பார்த்தேன். அவளுக்கு முன்னால் நின்ற பையனோடு சரியாகத் தீர்ந்துவிட்டது. அவள் தட்டை நீட்டினாள்.

"தீந்துபோச்சு பாப்பா," என்றேன்.

அவள் சட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "பரவால்லக்கா," என்றாள்.

நேராகக் குழாயடிக்குப் போனாள். ஒரு பருக்கை ஒட்டாத அந்தத் தட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். சாப்பிட்டு முடித்த மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து நின்று, அவர்களைப் போலவே வாயையும் கொப்பளித்துத் துப்பினாள். அம்மா சமைத்தது பத்தவில்லை என்று யாரும் பேசிவிடக் கூடாது என்பதற்காக. எட்டு வயசு முடிந்து ஒன்பது நடக்கிற பிள்ளை. தலைமை ஆசிரியை, எச்செம் டீச்சர், வந்து, "எல்லாரும் சாப்டாங்களா?" என்று கேட்டார். "சாப்டாங்க டீச்சர்," என்றேன். இந்த வாய் அப்படியே சொன்னது. கூட வேலை செய்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்கு ஓடி எதையாவது எடுத்து வரலாம் என்று நினைப்பதற்குள் மணி அடித்துவிட்டது. மதியம் சத்துணவு வரும்வரை அவள் பட்டினி. நான் அடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதேன்.

அன்றைக்கே அந்தக் கிறுக்குத்தனத்தை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நல்ல பெயரில் ருசி கண்டுவிட்டேன் நான்.

அவள் அஞ்சாவது முடித்தாள். விதிப்படி நானும் வெளியே வந்தேன். "மூணு வருசத்துல உங்க மேல ஒரு கம்ப்ளெயின்ட் வந்ததில்லம்மா," என்று எச்செம் டீச்சர் எல்லார் முன்னாலும் சொன்னார். கை தட்டினார்கள். எனக்கு அடுத்து சமைக்க வந்தவள் யார் தெரியுமா? அன்றைக்குச் சுவரோரம் நின்று பேசிய அதே பக்கத்துத் தெருக்காரிதான். அவள் மகன் நாலாவதுக்குப் போகிறான். சாவியைக் கொடுத்தேன். இடது பக்கத்து அடுப்பு சரியாக எரியாது, பருப்பை அதில் வைக்காதே என்று சொன்னேன். கிளம்பினவள் திரும்பி வந்து, "உம் புள்ளைக்கு நீயே பாத்து நல்லா அள்ளிப் போடு. எவ இன்னா சொன்னாலும் காதுல வாங்காத," என்றேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "நீங்க இன்னும் அத மறக்கலியாக்கா?" என்றாள்.

ஜூன் மாதம் மகளுக்கு விழுப்புரத்தில் பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளியில் இடம் கிடைத்தது. நன்றாகப் படிக்கிற பிள்ளை, டீச்சர்தான் எழுதிப் போட்டார். மூன்று வேளையும் அங்கேயே சாப்பாடு. பெட்டியோடு விட்டுவிட்டு வந்தேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஊர் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் உறைத்தது. காலை நேரம் முழுக்க இனி எனக்குச் சும்மாதான் இருக்கிறது. போடத்தான் பிள்ளை இல்லை.

பெற்றவர்கள் போய்ப் பார்க்கிற முதல் ஞாயிற்றுக்கிழமை, முருங்கைக்கீரை போட்டுக் கேப்பை அடை சுட்டு, மல்லாட்டைச் சட்னி அரைத்து, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன். ஆபீஸ் ரூமில் வார்டன் டீச்சர் என்னை உட்காரச் சொன்னார். "நீங்கதான் அந்தப் பொண்ணோட அம்மாவா? ரொம்ப நல்லா வளத்துருக்கீங்க. சாப்பாட்டு மணி அடிச்சா எல்லாம் அடிச்சிக்கினு ஓடும். இது மட்டும் எல்லாரையும் முன்ன விட்டுட்டு, கடைசியாத்தான் தட்ட எடுத்துக்கினு வரும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் மெச்சிச் சொல்கிறார், நான் செத்துக்கொண்டிருக்கிறேன்.

சைக்கிள் ஷெட் ஓரமாக ஒரு துண்டை விரித்து மகளை உட்கார வைத்தேன். இளைத்திருந்தாள், அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது. அடையைப் பிட்டுத் தட்டில் வைத்தேன்.

"ஏண்டி, இங்கயும் கடைசிலயா நிக்கற? இங்கதான் நான் இல்லியே. உன்ன யாரு இன்னா சொல்லப் போறாங்க? நாளைலேர்ந்து மொத ஆளாப் போய் நில்லு. அம்மா பண்ணது தப்பு, போதுமா?"

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். "இன்னா தப்பு? எனக்குக் கடைசிதாம்மா புடிக்கும்."

"பட்டினி கெடக்கவா?"

"இல்லம்மா. முன்னாடி நின்னா பின்னாடி இருக்கறதுங்க தள்ளும். வாங்கிக்கினு ஒடனே போய்டணும். கடைசில யாரும் தள்ள மாட்டாங்க. உன்கிட்ட கொஞ்ச நேரம் நிக்கலாம்."

கையில் இருந்த அடை அப்படியே நின்றது. "இங்க நான் எங்கடி இருக்கேன்?" என்றேன்.

"இங்கயும் ஒரு அக்காதான் போடுவாங்க. நான் நின்னா, போ, போய் உக்காருன்னு கத்துவாங்க. நீ கத்தற மாதிரியே இருக்கும்." சட்னியைத் தொட்டு வாயில் வைத்துக்கொண்டு சொன்னாள். "அது கேக்கத்தான்."

அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தது. மற்ற பிள்ளைகள் எல்லாம் எழுந்து உள்ளே போனார்கள். இவள் எழுந்து, கழுவாத கையோடு என் பக்கத்திலேயே நின்றாள். வாட்ச்மேன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.