கத்திரியால் வெட்டிக்கொடுத்த தலைவலி மாத்திரை

மருந்துக்கடைக் கவுண்டருக்கு உள்ளே நிற்கிறவளுக்குத் தலைவலி வரக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை, ஆனால் வந்தால் பார்க்கிறவர்களுக்கெல்லாம் சிரிப்புத்தான். நான் திருவனந்தபுரத்தை ஒட்டின கழக்கூட்டத்தில் ஒரு மெடிக்கல் ஸ்டோரில் பதினோரு வருஷமாக பார்மசிஸ்ட். சொந்த ஊர் பாறசாலை. வீட்டில் தமிழ், பஸ்ஸில் மலையாளம், கவுண்டரில் வருகிறவர் எதில் திட்டுகிறாரோ அதில். எனக்கும் ஒற்றைத் தலைவலி உண்டு. இங்கே அதற்குச் சென்னிக்குத்து என்று பேர். வந்துவிட்டால் வலது கண்ணுக்குப் பின்னால் ஒருத்தன் உட்கார்ந்து ஆணி அடிப்பான். அனுபவிக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டாம். அனுபவிக்காதவர்களுக்கு விளக்கிப் பிரயோஜனம் இல்லை.

ராசம்மாக்கா என்கிற சமையல்காரம்மாவின் உயிர் என் கைக்காரியத்தால் போகப் பார்த்த கதையைத்தான் சொல்ல வந்தேன். அதை மட்டும் சொன்னால் ஊரிலேயே நான் ஒருத்திதான் குற்றவாளி மாதிரி இருக்கும். அதனால் முதலில் மற்றவர்கள்.

எத்தனை நாள்?

களியக்காவிளைப் பக்கத்து ஆட்டோக்காரர் ஒருவர் வாரத்தில் இரண்டு தரம் வருவார். ஒரு அட்டை தலைவலி மாத்திரை கேட்பார். மாசத்தில் எத்தனை நாள் போடுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். தலைவலி வருகிற நாளெல்லாம் என்றார். எத்தனை நாள் வருகிறது? எல்லா நாளும்தான், இதென்ன கேள்வி என்றார்.

எனக்குப் பகீரென்றது. வலி மாத்திரையை மாசத்தில் பத்து, பதினைந்து நாள் என்று தொடர்ந்து போட்டால் அந்த மாத்திரையே தலைவலியை வரவழைக்கும், நிறுத்தினால் முதலில் இன்னும் மோசமாக வலிக்கும், அதைத் தாண்டிவர டாக்டர் துணை வேண்டும், நாளைக்கே போய்ப் பாருங்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். பின்னால் நின்ற நாலு பேரும் பாடம் கேட்டார்கள். மனுஷர் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "மாத்திரையே தலைவலி கொண்டு வருமுன்னு தெரிஞ்சிட்டும் கடையைத் திறந்து வச்சிருக்கியே, நீ நல்லா இருப்பியா மோளே?"

தினமும் ஒன்று, வலிக்கும்போது ஒன்று

ஐ.டி. பார்க்கில் வேலை பார்க்கிற நாகர்கோவில் பையன். டாக்டர் இரண்டு மாத்திரை எழுதியிருந்தார். ஒன்று, வலி வராமல் இருக்க தினமும் போடவேண்டியது. மற்றது, வலி தொடங்கும்போது மட்டும். நான் கவர் மேலே தடித்த பேனாவால் எழுதி, வாயாலும் சொல்லி, அவனை ஒரு தரம் திருப்பிச் சொல்லவும் வைத்தேன். ஒரு மாசம் கழித்து முகம் வாடி வந்தான். வலி குறையவே இல்லையாம். விசாரித்தால், தினமும் போடவேண்டியதை வலிக்கும்போது போட்டிருக்கிறான், வலிக்கும்போது போடவேண்டியதை தினமும் போட்டிருக்கிறான். ஆபீசில் காலை முதல் சாயங்காலம் வரை அடுத்தவன் எழுதின புரோகிராமில் தப்பைக் கண்டுபிடிப்பதுதான் அவனுக்கு வேலை. கவரில் இருந்த இரண்டு வரியை வாசிக்கக் கூடாதா தம்பி என்று கேட்டேன். "ரெண்டும் ஒரே வயித்துக்குள்ளதானே சேச்சி போகுது, அங்க போய் அதுவே பிரிச்சுக்காதா?"

அரைநாள் லீவு

போன மார்ச்சில் ஒரு மத்தியானம் எனக்கே வந்தது. வெளியே பைபாஸ் ரோட்டு வெயில், உள்ளே எட்டு டியூப் லைட். பின்கட்டில் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே வாந்தி எடுத்தேன். எனக்கு டாக்டர் எழுதிய மாத்திரை என் பையிலேயே இருக்கிறது. தொடங்கின உடனே போட்டுவிட்டு இருட்டறையில் இரண்டு மணி நேரம் படுக்கவேண்டும். மாத்திரை கிடைக்கும், இருட்டறைக்கு எங்கே போவேன்? முதலாளியிடம் அரைநாள் லீவு கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார், ஃபேனையும் என் பக்கம் திருப்பினார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மருந்துக்கடையில நின்னிட்டு தலைவேதனைன்னு வீட்டுக்குப் போனா ஆளுக என்ன நினைக்கும்?"

சுபிதா

இனி என் முறை. சுபிதா மார்த்தாண்டத்துப் பிள்ளை, அடுத்த தெரு பெண்கள் ஹாஸ்டலில் இருக்கிறாள். அவளுக்கும் சென்னிக்குத்து. டாக்டர் சீட்டு இல்லாமல் வரமாட்டாள். மாசத்தில் எத்தனை மாத்திரை போட்டாள் என்று போனில் குறித்து வைப்பாள். பதினோரு வருஷத்தில் நான் சொன்னதைக் கேட்டு நடந்த ஒரே ஜீவன்.

அட்டையை இரண்டிரண்டு மாத்திரையாக வெட்டித் தரமுடியுமா என்று கேட்டாள். ஆபீஸ் பையில் ஒரு துண்டு, ஸ்கூட்டரில் ஒன்று, தலையணைக்கு அடியில் ஒன்று. வலி தொடங்கின உடனே போடு, தாமதித்தால் பலிக்காது என்று நான்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். எங்கள் கடைகளில் அட்டையை வெட்டுவது நித்தியப்படி நடக்கிற காரியம். ஆனால் மருந்தின் பேரும் தேதியும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் இருக்கும். வெட்டினால் ஒரு துண்டுக்குத்தான் பேர், மற்றதெல்லாம் அனாதை. ஒவ்வொன்றையும் தனித்தனிக் கவரில் போட்டுப் பேர் எழுதவேண்டும், வேறு யாருக்கும் கொடுக்காதே என்று சொல்லவேண்டும். அன்றைக்கு நல்ல கூட்டம், எனக்கும் கண்ணுக்குப் பின்னால் ஆணி ஆரம்பித்திருந்தது. எழுதவும் இல்லை, சொல்லவும் இல்லை. வெட்டி அப்படியே கையில் கொடுத்தேன். அவள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள்: "எங்க கஷ்டம் உங்களுக்குத்தான் சேச்சி தெரியும்."

பேர் இல்லாத துண்டு

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, பதினோரு மணி இருக்கும். ஹாஸ்டல் வார்டன் ஓடிவந்து ஒரு காலி அட்டைத் துண்டை நீட்டினாள். ராசம்மாக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். அக்கா அந்த ஹாஸ்டலில் சமைக்கிறவள், வள்ளியூர்க்காரி. இரண்டு வருஷத்துக்கு முன் நெஞ்சடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவள். இருதய மாத்திரையெல்லாம் என்னிடம்தான் வாங்குவாள். சுபிதா வாந்தியெடுத்துக் கிடக்கும்போதெல்லாம் தலையைப் பிடித்துக் கஞ்சித்தண்ணி கொடுப்பதும் அவள்தான். அன்றைக்கு அக்காவுக்குத் தலை வலித்திருக்கிறது. ஆபீசுக்குக் கிளம்பின சுபிதா, பாவம் என்று ஒரு துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஒன்று போட்டு அரைமணியில் விடவில்லை என்று அக்கா இரண்டாவதையும் போட்டிருக்கிறாள். அப்புறம் நெஞ்சை இறுக்கி, இடது கை மரத்துவிட்டது. என்ன மாத்திரை போட்டாள் என்று அங்கே டாக்டர் கேட்கிறார். சுபிதாவின் போன் அணைந்து கிடக்கிறது. துண்டில் ஒரு எழுத்துக்கூட இல்லை.

என் கத்திரியின் அலகில் ஒரு சின்ன உடைப்பு உண்டு. வெட்டுகிற இடத்திலெல்லாம் ஒரு பல் விழும். துண்டின் இரண்டு ஓரத்திலும் அந்தப் பல் இருந்தது; நான் சுபிதாவுக்கு வெட்டிக்கொடுத்த துண்டேதான். வார்டனின் போனைப் பிடுங்கி ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டு டாக்டரிடம் மருந்தின் பேர், அளவு, அக்கா இருதயத்துக்குச் சாப்பிடுகிற மாத்திரைகள், எல்லாம் சொன்னேன். ரத்தக்குழாயைச் சுருக்குகிற மாத்திரை அது. இருதய நோய் உள்ளவர்கள் தொடவே கூடாது. அந்தத் தெருவிலேயே அக்காவின் நெஞ்சையும் அந்த மாத்திரையையும் சேர்த்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். போனை வைத்ததும் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். வரிசையில் முதலாக நின்ற பெரியவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். "எனக்கு அந்த கேஸ்ட்ரபிள் மாத்திரையைத் தந்திட்டு அழுதா ஆகாதா?"

ராசம்மாக்கா

அக்கா பிழைத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கதை வேறு என்று டாக்டர் சொன்னாராம். இரண்டு வாரம் கழித்து, இளைத்துப்போய், தன் இருதய மாத்திரை வாங்க அவளே நடந்து வந்தாள். நான் கவுண்டரை விட்டு வெளியே வந்தேன். வெட்டினது நான், பேர் எழுதாதது நான், என்னை ரெண்டு வார்த்தை திட்டுங்க அக்கா என்றேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்கும். சுபிதாவைத்தான் யாரும் ஒன்றும் சொல்லக்கூடாது என்றாள். அந்தப் பிள்ளை இப்போது தனக்கு வலி வந்தாலும் மாத்திரையைத் தொடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கிறதாம். அவளுக்கு எழுதின மாத்திரையை அவள் போடலாம், போடத்தான் வேண்டும் என்று போய்ச் சொல்லுங்கள் என்றேன்.

பிறகு மனசு கேட்காமல் ஒன்று கேட்டேன். இரண்டு வருஷமாக என்னிடம் வாங்குகிறீர்களே, தலை வலித்தபோது நாலு எட்டு நடந்து இங்கே வந்து என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அக்கா மாத்திரைக் கவரை முந்தானையில் முடிந்துகொண்டே சொன்னாள்: "ஒங்கிட்ட வந்தா சீட்டு எங்க, டாக்டரப் பாத்தியா, நெஞ்சு எப்படி இருக்குன்னு நூறு கேள்வி கேப்ப தாயி. அந்தப் புள்ள ஒருத்திதான் ஒண்ணுமே கேக்காம என் தலவலிய நம்புனா."

கேள்வி கேட்டு, எச்சரித்து, கெட்ட பேர் வாங்கத்தான் எனக்குச் சம்பளம், அட்டையை வெட்டின அன்றைக்கு அந்த ஒரு வேலையையும் நான் செய்யவில்லை.